துபாய் ராகு காலம்

ஜூன் 3, திங்கள்

ஆபீசில் வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடும், வீட்டில் சொன்னால் சண்டை வரும் என்கிற விஷயங்களை இதில் எழுதுவது என் வழக்கம். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சேர்ந்துவிட்டது.

எங்கள் முதலாளி அவிநாசியப்பன் ஐயா மோட்டார் பம்பு செய்து விற்பதில் சூரர். ஆனால் ராகு காலம் என்றால் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். திங்கள்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம் என்பதால், ஏழரைக்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார். கம்பெனி கேட்டுக்கு வெளியே காரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஒன்பது அடித்த பிறகுதான் உள்ளே காலடி. அவருடைய உதவியாளர் என்ற முறையில் திங்கள் காலைக் காப்பியைக் காருக்கே அனுப்பி வைப்பது என் பொறுப்பு.

இன்றைக்கும் ஒன்பது அடித்ததும் வந்தார், உட்கார்ந்தார், ஹூப்ளி லாரிக்கான காகிதங்களில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். கணினியில் டிங்கென்று ஒரு சத்தம். திரையில் ஒரு சின்னக் கட்டம்: 'ராகு காலம், 9.00 முதல் 10.30 வரை'.

பேனாவை மூடிவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, இப்பத்தான முடிஞ்சு உள்ள வந்தேன்? மறுபடியும் வருதா?"

"ரெண்டாவது ஷிப்டாட்ட இருக்குதுங்க ஐயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

விசாரித்தால் எல்லாம் அவருடைய மகன் நந்தகுமார் செய்த உபகாரம். போன வாரம்தான் அப்பாவும் மகனும் துபாய் கண்காட்சிக்குப் போய்த் திரும்பினார்கள். அங்கே ஹோட்டல் அறையில் பொழுது போகாமல், அப்பாவின் மடிக்கணினியில் உள்ள மெயில் காலண்டரில் ஏழு நாளுக்கும் ராகு காலத்தை ஏற்றி, ரிமைண்டரும் வைத்திருக்கிறது பிள்ளை. கணினி அதைத் துபாய் நேரம் என்று எடுத்துக்கொண்டது. அங்கே ஏழரை ஆகும்போது இங்கே ஒன்பது. ஆகவே கோயம்புத்தூரில் இப்போது துபாய் ராகு காலம் நடக்கிறது.

பத்தரை வரை லாரி நின்றது. நான் என் கணினியில் ஐயாவின் காலண்டரைத் திறந்து அந்தப் பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டேன். விட்டது சனி என்று நினைத்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

விடவில்லை. காலண்டரில் பதிவு இல்லை, ரிமைண்டர் மட்டும் இருக்கிறது. டிஸ்மிஸ் பொத்தானை அழுத்தினால் போகிறது, ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகிறது. திறந்து பார்க்கலாம் என்றால் 'இந்தப் பதிவைக் காணவில்லை' என்கிறது. காணாமல் போனது எதற்காகக் கூப்பிடுகிறது என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. நந்தகுமாரும் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்குத் தானாச் சரியாயிரும்க்கா" என்று நழுவிவிட்டார்.

என் கணினியிலும் ஒரு ரிமைண்டர் தினமும் வருகிறது. ஆனால் அது பழுது அல்ல, நானே வைத்தது. 'திருமூர்த்தி – பதில்'. காலையில் வரும், நாளைக்கு என்று தள்ளி வைப்பேன், நாளை காலையில் வரும்.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதிவிடுகிறேன். திருமூர்த்தி அரசூர்ப் பக்கம் ஒரு பவுண்டரியில் தரம் பார்க்கிறவர். எங்கள் பம்புக்கு வேண்டிய காஸ்டிங், அதாவது வார்ப்பிரும்புப் பாகங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. ஆறு வருடமாக அவருக்கும் எனக்கும் மெயில் போக்குவரத்து. மனைவி இறந்துவிட்டார், ஒரே பெண், கல்லூரியில் படிக்கிறாள். மே மாதக் கடைசி நாள் அவரிடமிருந்து வந்த மெயிலைக் காப்பியடித்து வைக்கிறேன்.

'மேடம், நாலாம் நம்பர் சாம்பிள் தயார். பத்தாம் தேதி கொண்டு வருகிறேன். இன்னொரு விஷயம். கம்பெனியில் என்னைக் கோலாப்பூர் பவுண்டரிக்குப் போகச் சொல்கிறார்கள். உங்களுக்குச் சம்மதம் என்றால் நான் இங்கேயே இருந்து உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். ஜூன் 20-க்குள் பதில் தெரிவிக்கவும். ஜாதகம் வேண்டாம். பத்துப் பொருத்தமும் பார்த்துச் செய்த முதல் கல்யாணம் ஆறு வருடம்தான் நிலைத்தது. சாம்பிளில் குறை இருந்தால் அதையும் தெரிவிக்கவும்.'

இவ்வளவுதான். நாற்பத்தாறு வயதுக்காரிக்கு வரக்கூடிய மெயிலா இது? இன்னும் பதினாறு நாள் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். ஒரு வரிப் பதில்தானே.

ஜூன் 5, புதன்

நாளைக்கு என்று தள்ளி வைத்தேன். இரண்டையும்.

ஜூன் 6, வியாழன்

ஐயா இப்போது இரண்டு ராகு காலத்துக்கும் மரியாதை தருகிறார். ஒன்றரையிலிருந்து மூன்று வரை நம் ஊர் ராகு. மூன்றிலிருந்து நாலரை வரை துபாய் ராகு. மூன்று மணி நேரம் எதிலும் கையெழுத்து இல்லை. டிஸ்பாட்ச் செய்கிறவர்கள் என்னைத் திட்டுகிறார்கள், அவரைத் திட்ட முடியாதே.

"ஐயா, அது தப்பா வந்து நிக்கறதுங்க. நெஜமான ராகு காலம் இல்லீங்க" என்றேன்.

"எனக்குந் தெரியுது அம்மணி. ஆனா டிங்குன்னு அடிச்சு, ராகு காலம்னு எழுதிக் காட்டுன பொறவு எப்புடிக் கையெழுத்துப் போடறது? பல்லி சொன்னா நின்னுட்டுப் போறமில்ல? அந்த மாதிரிதான்."

இதற்கு மேல் என்ன பேச? எனக்கு இந்தப் பஞ்சாங்கத்தின் மேல் தனிப்பட்ட முறையில் ஒரு கோபம் உண்டு. என் ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்திருக்கிற இடம் சரியில்லையாம். அதைக் காரணம் காட்டி எங்கள் வீட்டில் பலகாரம் தின்று கைகழுவிப் போன குடும்பங்களுக்குக் கணக்கில்லை. முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு பலகாரம் தின்ன வருவதும் நின்றது. அம்மா போன பிறகு அந்தப் பேச்சே வீட்டில் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

இன்று அமாவாசை. யாருக்கும் எதையும் எழுத வேண்டிய நாள் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

கணினி பார்க்கும் ஜெயசீலனுக்குப் போன் செய்தேன். "ஒருக்கா மூடித் தெறங்க மேடம்" என்றார். மூடித் திறந்தேன். ராகுவும் மூடித் திறந்துகொண்டு புதுத் தெம்போடு வந்தது. நேரில் வரச் சொன்னால், திருப்பூரில் வேலை இருக்கிறதாம், முடித்துவிட்டு வருகிறாராம்.

ஜூன் 10, திங்கள்

திருமூர்த்தி வந்தார். நாலாம் நம்பர் சாம்பிளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துப் பிரித்தார். பச்சைக் குழந்தையைக் காட்டுகிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நல்ல காஸ்டிங்தான். மேல் பக்கம் வழவழவென்று இருந்தது, எங்கும் ஒரு ஓட்டை இல்லை.

"அடுத்தது அஞ்சாம் நம்பருங்க மேடம். ஆடி முடிஞ்சதும் கொண்டுட்டு வர்றேனுங்க."

ஆடி முடிந்ததும் கோலாப்பூரிலிருந்தா வரப் போகிறார்? பழக்கதோஷத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

டீ வந்தது. அவர் டம்ளரைக் கையில் எடுத்த நேரத்தில் என் கணினி டிங்கென்றது. 'திருமூர்த்தி – பதில்'. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்! திரையை என் பக்கம் இழுத்த வேகத்தில் பேனா டப்பா கீழே உருண்டது. அவர் குனிந்து ஒவ்வொரு பேனாவாகப் பொறுக்கித் தந்தார். அதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். மெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். கேட்காமல் போனதும் கோபம் வந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஐயா ஒன்பது மணித் துபாய் ராகுவில் சும்மா உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் வேறு வேலை இல்லை.

ஜூன் 12, புதன்

வீட்டுச் சமாச்சாரம். நான் இல்லையென்றால் தம்பி வீடு ஒரு நாள் ஓடாது. லோகநாதன் சட்டைக்கு இஸ்திரி போட மறப்பான், அவன் பெண்டாட்டி சுகந்திக்குக் கேஸ் எப்போது தீரும் என்று தெரியாது, பிள்ளைக்குக் கணக்கு வராது. இப்படி இருக்கிறபோது நான் பாட்டுக்கு எப்படி ஒரு முடிவெடுப்பது?

சாயங்காலம் போனால் சுகந்தி கேஸ் சிலிண்டரை மாற்றி முடித்திருந்தாள். இஸ்திரிக்காரரை வாசலுக்கே வரச் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள். பிள்ளை கணக்குக்கு டியூஷன் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"உங்களுக்கு ஏங்க்கா சிரமம்னுதான்" என்றாள் சுகந்தி. "நீங்களும் ஆபீஸ் முடிஞ்சு வந்து செத்த உக்காருங்க."

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துக்கு மேல் உட்காரத் தெரியவில்லை. எழுந்து போய்த் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

ஜூன் 14, வெள்ளி

அஷ்டமி. நல்ல காரியத்துக்கு ஆகாது.

ஜூன் 15, சனி

நவமி. அதுவும் ஆகாது. பதில் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஜூன் 18, செவ்வாய்

ஜெயசீலன் ஒருவழியாக வந்து சேர்ந்தார். பெரிய உடம்பு, ஸ்கூட்டரிலிருந்து இறங்கவே சிரமப்படுகிறார். ஐயாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே ரோகம் என்னவென்று சொன்னார்.

"காலண்டர்ல போடற பதிவு ஒரு எடத்துல இருக்கும் மேடம், ரிமைண்டர் வேற எடத்துல இருக்கும். பதிவை நீங்க உங்க மெஷின்ல இருந்து அழிச்சிட்டீங்க. இந்த மெஷின்ல ரிமைண்டர் மட்டும் தனியா நின்னுபோச்சு. யாருக்கு வந்தோம்னே தெரியாம தெனமும் வந்து கதவத் தட்டுது."

மெயிலை முழுக்க மூடினார். ஒரு கட்டளையைத் தட்டெழுதி மறுபடியும் திறந்தார். ரிமைண்டர் எல்லாவற்றையும் துடைத்துப்போடச் சொல்லும் கட்டளையாம். துடைத்துவிட்டுக் காலண்டரில் உண்மையாக இருப்பதிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளுமாம். ராகு போய்விட்டது. காத்திருந்தோம், வரவில்லை. ஐயா அந்தத் திரையைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

பிறகு என் மேஜைக்கு வந்தார்கள்.

"இதுலயும் ஒருக்கா பண்ணிரலாம். உங்குளுது ஒண்ணு நிக்குதே, திருமூர்த்தின்னு? இது ஒரு மெயிலுக்கு ஞாபகத்துக்காகப் போட்ட கொடி. அதையும் எடுத்துட்டா சுத்தமாயிரும். எடுத்துரட்டுங்களா?"

ஐயா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எடுங்க" என்றேன்.

போகிறபோது ஜெயசீலன் இன்னொன்றும் சொன்னார். போன வருடம் நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது என் மெயில் பெட்டியை ஐயாவின் கணினியிலும் திறந்து வைத்தார்களாம். அதை யாரும் மூடவே இல்லை. என் ரிமைண்டர், என் மெயில் எல்லாம் அங்கேயும் வந்துகொண்டிருந்திருக்கிறது. இப்போது மூடிவிட்டாராம்.

அப்படியானால் அந்த மெயிலையும் ஐயா பார்த்திருப்பாரோ? பிறகு யோசித்தேன். ஐயா மெயிலைத் திறந்து படிக்கிற ஆளே கிடையாது, எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் தரச் சொல்லுவார். அப்படியே திறந்திருந்தாலும் 'நாலாம் நம்பர் சாம்பிள்' என்ற தலைப்பைப் பார்த்ததுமே கொட்டாவி விட்டு மூடியிருப்பார். பயப்பட ஒன்றும் இல்லை.

ஜூன் 19, புதன்

காலையில் டிங் இல்லை. மத்தியானமும் இல்லை. ஆபீஸ் இப்படி அமைதியாக இருந்து எவ்வளவு நாளாயிற்று! ஐயா ஒரே ஒரு ராகு காலத்தோடு நிறுத்திக்கொண்டு, தேங்கிக் கிடந்த காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

எனக்குத்தான் வேலை ஓடவில்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் கண் திரையின் மூலைக்குப் போகிறது. தினமும் அது வரும், நான் தள்ளி வைப்பேன், இன்றைய கடமை முடிந்தது என்று இருந்துவிடுவேன். இப்போது தள்ளி வைக்க ஒன்றும் இல்லை. மனம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறது.

பதில் பக்கத்தைத் திறந்து 'வணக்கம் சார்' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை, அழித்துவிட்டேன். சம்மதம் என்று எழுதி, அதை ஊர் பார்த்துச் சிரித்தால் என்ன செய்வது? எழுதாமல் விட்டு, அவர் கோலாப்பூர் போய்விட்டால்? ஆடிக்குப் பிறகு வேறு யாரோ வந்து அஞ்சாம் நம்பரை என் மேஜையில் டம்மென்று வைப்பான். துணியில் சுற்றிக் கொண்டுவர மாட்டான்.

பயமாக இருக்கிறது. சும்மா இருந்தால் எல்லாம் அப்படியே இருக்கும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தேன். அப்படி இருக்காது போலிருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கியது. அந்த நேரத்தில் ஐயாவுக்குப் பேச்சுக்கு ஆள் வேண்டும். என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"அந்தத் திருமூர்த்திக்குப் பதில் போட்டாச்சுங்களா அம்மணி?"

"எந்தப் பதிலுங்க ஐயா?"

"எனக்கென்ன தெரியும்? என்ற கம்ப்யூட்டர்ல அதும்பாட்டுக்கு வந்து நின்னுட்டே இருந்துச்சு. திருமூர்த்தி, பதில், திருமூர்த்தி, பதில்னு. ரெண்டு நாளாச் சத்தத்தையே காணோம். செரி, பதில் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

"இன்னும் போடலீங்க."

"காஸ்டிங் விசயந்தானுங்களே?"

"ஆமாங்க."

ஐயா மேஜை மேல் இருந்த நாலாம் நம்பரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "புடிச்சிருந்தா புடிச்சிருக்குதுன்னு சொல்லோணும். இல்லாட்டி இல்லைன்னு சொல்லிப்போடோணும். மனுசனக் காக்க வெக்கக் கூடாதுங்க. இது நல்ல காஸ்டிங் அம்மணி. நானும் ஆறு வருசமாப் பாக்கறேன், ஒரு ஓட்டை ஒடசல் இல்ல. இதுக்கு மேல நீங்க எதத் தேடப் போறீங்க?"

"மூணு மணிக்கு மேல சொல்லிர்றேனுங்க" என்றேன். "இப்ப ராகு காலமுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று எனக்கே உறைத்தது. ஐயா நாலாம் நம்பரைத் திருப்பி மேஜை மேல் வைத்தார்.

"அது என்ற பழக்கம் அம்மணி. எங்கப்பன் பண்ணுனாரு, நானும் பண்ணிட்டிருக்கேன். உங்குளுக்கு எதுக்கு? இந்த ஆபீஸ்ல ரெண்டு வாரமா எந்நேரமும் ராகு காலந்தான். லாரி போகாம இருந்துச்சா? பம்பு ஓடாம நின்னுச்சா? சாம்பிள் ரூம்ல யாருமில்ல. கதவச் சாத்திட்டுப் பேசுங்க."

காஸ்டிங் பேச எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாம்பிள் ரூமில் ஒரே எண்ணெய் வாசனை. நின்றுகொண்டே போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்."

"சார், நாலாம் நம்பர் சாம்பிள்..."

"குறை இருக்குதுங்களா?"

"இல்லீங்க. ஒண்ணும் இல்லீங்க." அப்புறம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "நீங்க கோலாப்பூர் போக வேண்டாமுங்க. எனக்குச் சம்மதமுங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"இருக்கேனுங்க" என்றார். "கோலாப்பூர் போகலீங்க மேடம். முடியாதுன்னு அப்பவே சொல்லிட்டேனுங்க."

"எப்பவே?"

"உங்குளுக்கு மெயில் அனுப்புன அன்னைக்குக் காலைலயேங்க."

எனக்குப் புரியவில்லை. "பின்ன எதுக்குங்க இருபதாம் தேதிக்குள்ளன்னு எழுதுனீங்க?"

"தேதி போடாத மெயிலுக்கு நீங்க எப்பங்க பதில் போட்டிருக்கீங்க? ஆறு வருசத்துல ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

"நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா?"

"அப்பவும் இங்கதானுங்க இருந்திருப்பேன். அஞ்சாம் நம்பரு யாரு கொண்டு வர்றது?"

அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கோபமும் வந்தது. இருபது நாளாகத் தூக்கம் கெட்டு, ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்னாமல், அஷ்டமி நவமி வரைக்கும் பார்க்க வைத்துவிட்டாரே மனுஷர்! போகவே போகாத ஊருக்கு ஒரு தேதியா? அங்கேயே அந்த இரும்புக்கு நடுவில் நின்று திட்ட ஆரம்பித்தேன். அவர் "செரிங்க, தப்புத்தானுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மணி மூன்றாகி, ஐயா அவருடைய அறையில் பேனாவைத் திறக்கிற வரைக்கும் திட்டினேன்.